வீட்ல அந்தமான் போணும்ங்கா, ஏஜெண்டு குடுத்த பிளான் சரியா வருமா? போயிட்டு வந்தவிய சொல்லுங்க

பாளை மார்க்கெட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன். கல்யாணமாகி பதினாலு வருசம் ஆகுது, இதுவரைக்கும் நாங்க போன டூர எண்ணிப் பாத்தா குத்தாலம், திருச்செந்தூரு, பாவநாசம், அப்புறம் மறுபடியும் குத்தாலம், அதுலயும் ஒருதடவ கூட நாங்க ரெண்டு பேரு மட்டும் போனதில்ல, வேன் புடிச்சு பெரியம்மா சித்தி மாமான்னு இருவது பேரு, தூக்குவாளில புளியோதரையோட. இப்ப வீட்ல ஒத்தக்கால்ல நிக்கா, தை மாசம் நாம ரெண்டு பேரும் மட்டும் தீவுக்குப் போறோம்னு. நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்காம, கடல்தானட்டி பாக்கணும், மணப்பாடு போவமா, அங்க குன்றும் சேந்து இருக்குன்னு கேட்டுட்டேன். அதுல இருந்து சொதிக் குழம்பு வச்சாலும் இஞ்சிப் பச்சடி கிடையாது.

சரின்னு அந்தமானுக்கு ஒரு ஏஜெண்டுகிட்ட கேட்டேன். அவன் குடுத்த பிளான் இது: மொத நாள் போர்ட் பிளேர்ல எறங்கி செல்லுலார் ஜெயில், ரெண்டாம் நாள் ராஸ் தீவும் நார்த் பேயும், மூணாம் நாள் ஹேவ்லாக் போயி ராதாநகர் பீச், நாலாம் நாள் காலைல எலிபண்ட் பீச் பாத்துட்டு மதியமே போட்டு புடிச்சு நீல் தீவு, அஞ்சாம் நாள் நீல் தீவ சுத்திட்டு சாயங்காலம் போர்ட் பிளேர், ஆறாம் நாள் விடியக்காலம் மூணு மணிக்கு கிளம்பி பாரடாங் குகை, ஏழாம் நாள் பிளைட்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு திருச்செந்தூர் கடல்ல நாலு முங்கு போட்டாலே தல சுத்தும், போட்டுல ரெண்டு மணி நேரம் எப்படி உக்காருவேன்னு தெரியல. நாங்க சைவம் வேற, அங்க போயி பிரெட்டும் ஜாமும்தானா? பிள்ளைகள எங்க அத்தை அம்பைல இருந்து வந்து பாத்துக்கிடுதேன்னுட்டாவ, அவிய கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், வ.உ.சி. செக்கிழுத்த ஜெயில் அங்கதான இருக்கு, அத போட்டோ எடுத்துட்டு வாங்கன்னாவ. செலவு எவ்வளவு ஆகும், எதச் சேக்கலாம் எத வெட்டலாம்னு பைய சொல்லுங்க.

தென்காசி சாரல்:

அண்ணாச்சி, நானும் எங்க வீட்டுக்காரரும் போன வருசம் ஜனவரில போயிட்டு வந்தோம், கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன் கோவிச்சுக்காதிய. எங்களுக்கும் கிட்டத்தட்ட இதே பிளானத்தான் குடுத்தாவ, நாங்களும் தலைய ஆட்டிட்டுப் போனோம். போன பிறவுதான் தெரியுது, பெட்டிய திறக்க, மூட, போட்டு ஏறுத ஜெட்டில வரிசைல நிக்க, ஆதார் கார்ட எடுத்துக் காட்ட, ரூம்ல சாவி வாங்க, இதுக்கே பாதி நாள் போயிருது. தீவுக்குப் போயி தீவுல உக்காரவே இல்லைன்னா எதுக்கு அவ்வளவு தூரம் போணும்?

எல்லாத்தையும் விட பெரிய கூத்து ராதாநகர் பீச்சுலதான். நம்மூர்ல தை மாசம் ஆறேகாலுக்கு மேலதான சூரியன் முங்கும், அந்த நெனப்புல அவிய சாவகாசமா குளிச்சு, டீ குடிச்சு, வாடகை ஸ்கூட்டர் எடுத்து, ஜெட்டி பக்கத்துல இருந்து அந்த பத்து பன்னெண்டு கிலோமீட்டரும் பாக்குமரத்த வேடிக்க பாத்துக்கிட்டே ஓட்டிட்டுப் போயி நிக்கையில மணி அஞ்சே முக்கால், நல்லா கருக்கலாயிட்டு, சனமெல்லாம் மணலத் தட்டிக்கிட்டு எதுத்தாப்ல திரும்பி வருது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அப்புறம் டீக்கடைக்காரரு சொல்லுதாரு, இந்த தீவு நம்ம ஊருக்கு கிழக்க பதினஞ்சு டிகிரி தள்ளி இருக்கு, ஆனா கடியாரம் என்னமோ ஒண்ணுதான், அதனால ஒரு மணி நேரம் முந்தியே விடிஞ்சு ஒரு மணி நேரம் முந்தியே இருட்டிருமாம். ஜனவரில அஞ்சே காலு அஞ்சே முக்காலுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். ராதாநகருக்கு மூணரைக்கே போயி உக்காருங்க. 2004ல டைம் பத்திரிகைல ஆசியாவுலயே நல்ல பீச்சுன்னு போட்டாவளாம், அது எப்படியோ போகட்டும், எனக்கு அந்த பீச்சுல புடிச்சது பின்னால நிக்குத காடுதான், மணல் முடியுத எடத்துல அந்தானைக்கு நம்ம குத்தால மல மாதிரி மரம் ஆரம்பிக்கி.

எங்க நல்ல காலம் மறுநாளும் ஹேவ்லாக்லதான் இருந்தோம், நீல் தீவு டிக்கட்ட அவிய வாய்ச்சண்ட போட்டு மாத்திட்டாவ, இல்லைன்னா இத சொல்லிக்காட்டியே நான் அவியள கொன்னிருப்பேன். அதனால சொல்லுதேன், ஹேவ்லாக்ல ரெண்டு ராத்திரி, நீல்ல ரெண்டு ராத்திரி, மொத நாளும் கடைசி நாளும் போர்ட் பிளேர். கடைசி ராத்திரிய கண்டிப்பா போர்ட் பிளேர்ல வைங்க, காத்து எழும்பி போட்ட நிறுத்திட்டான்னா பிளைட்டு போயிரும், அந்த ஒரு விசயத்துல மட்டும் உங்க ஏஜெண்டு சரியா செஞ்சிருக்காரு.

செலவு எங்களுக்கு ரெண்டு பேருக்கும் எல்லாம் சேத்து எழுவதாயிரத்து கிட்ட ஆச்சு, அதுல பாதி பிளைட்டும் போட்டும்தான். இன்னொண்ணு, நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி, விடியக்காலம் தாம்பரத்துல எறங்கி, லோக்கல் டிரெயின்ல திரிசூலம் போயிட்டா எதுத்தாப்ல ஏர்போர்ட்டுன்னு கணக்குப் போட்டு அன்னைக்கு காலைலயே பிளைட்டு போட்டுறாதிய. டிரெயின் லேட்டானா முடிஞ்சுது சோலி. முந்தின நாளே வந்தே பாரத்துல போயி மெட்ராஸ்ல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க.

உவரி கடக்கரை:

அண்ணாச்சி, எங்க வீட்ல மூணு தலமுறையா கடல்தான் சோலி, அதனால வாந்தி விசயத்த நான் சொல்லுதேன். வெக்கப்பட ஒண்ணுமில்ல, எங்க மச்சானே பத்து நாள் கரைல கெடந்துட்டு கடலுக்குப் போனா மொத நாள் குமட்டுவாரு. காதுக்குள்ள இருக்குத சமாச்சாரம் ஆடுதுன்னு சொல்லும், கண்ணு ஆடலன்னு சொல்லும், ரெண்டுக்கும் ஒத்துவராம வவுறு புரட்டும், அவ்வளவுதான் விசயம். அங்க பிரைவேட் போட்டெல்லாம் பெரும்பாலும் மூடின ஏசி ஹாலு, பஸ்சு மாதிரி சீட்டு, ஜன்னல விட்டுத் தள்ளி உக்காந்தா கடலே கண்ணுல படாது, அதுலதான் ஆளுக கவர புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாவ. நீங்க கீழ்த்தட்டுல நடுவுல இல்லைன்னா பின்னால சீட்டு கேளுங்க, முன்னால வேண்டாம், அங்கதான் தூக்கிப் போடும். ஜன்னல் வழியா வானமும் கடலும் தொடுத கோட்டையே பாத்துக்கிட்டு இருங்க, போன நோண்டாதிய. வெறும் வவுத்தோடயும் ஏறாதிய, பூரி கிழங்கு தின்னுட்டும் ஏறாதிய, ரெண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி கிளம்புததுக்கு முன்னாலயே போட்டுரணும், போட்டு ஆட ஆரம்பிச்ச பிறவு போட்டா மாத்திரையும் சேந்து வெளிய வந்துரும். கவர்மெண்டு கப்பல்னா டிக்கட்டு கம்மி, மேல்தட்டுல காத்தாட நிக்கலாம், ரெண்டரை மணி நேரம் ஆகும், ஆனா அதுல எடம் கிடைக்கது குதிரைக்கொம்பு, ஊர்க்காரங்களுக்குப் போகத்தான் நமக்கு.

இன்னொண்ணு, நாள் குறிக்கும்போது காலண்டர்ல அமாவாசை பௌர்ணமி பாத்துக்கோங்க. நம்ம பக்கம் கடல் ஏறி வத்துறது கண்ணுக்கே தெரியாது, அங்க அமாவாசை பௌர்ணமி ஒட்டி கிட்டத்தட்ட ஆளு உசரத்துக்கு ஏறி எறங்கும். நீல் தீவுல பாலம் மாதிரி ஒரு பாறை இருக்கே, அதுகிட்ட போணும்னா தண்ணி நல்லா வத்துன நேரமாப் போணும், வத்துன பிறவு குழி குழியா தண்ணி தேங்கி நிக்கும், அதுல நண்டும் நட்சத்திர மீனும் கெடக்கும், அதப் பாக்கதுதான் சுகம். ஆனா அதே நேரத்துல குளிக்க எறங்கினா பவளப்பாறை காலக் கிழிச்சிரும், தண்ணி ஏறும்போதுதான் குளிக்கணும். ரப்பர் செருப்பு ஒண்ணு எடுத்துக்கோங்க. ஓட்டல்காரன்கிட்ட தண்ணி எப்ப வத்தும்னு கேட்டா நேரம் சொல்லிருவான், அது தினமும் முக்காமணி நேரம் போல தள்ளித் தள்ளிப் போகும்.

டவுன் வாத்தியார்:

மத்ததெல்லாம் போயிட்டு வந்தவிய சொல்லட்டும், எனக்கு ஒரு திருத்தம். வ.உ.சி. அந்தமான் ஜெயில்ல இருக்கவே இல்ல. 1908ல நம்ம திருநெல்வேலி கோர்ட்டுல அவருக்கு தீவாந்தர தண்டனை போட்டது நிசம், அது சனங்க மனசுல அப்படியே நின்னுட்டு, அப்பீல்ல தண்டனை குறைஞ்சு போச்சு. செக்கிழுத்தது கோயம்புத்தூர் ஜெயில்ல, அப்புறம் கண்ணூர் ஜெயில்ல இருந்துட்டு 1912 டிசம்பர்ல வெளிய வந்தாரு. ஆனா உங்க அத்தைகிட்ட தப்புன்னு ஒரேயடியா சொல்லிறாதிய, அந்தமான்லயும் கைதிகள மாட்டுக்குப் பதிலா செக்குல பூட்டி தேங்கா எண்ணெ ஆட்ட வச்சிருக்கான், அத இப்பவும் பாக்க வச்சிருக்காவ. செக்க போட்டோ எடுத்துட்டு வந்து, இது அவரு இழுத்த செக்கு இல்ல, அந்த வகைச் செக்குன்னு காட்டுங்க.

ஜெயில் 1896ல கட்ட ஆரம்பிச்சு 1906ல முடிச்சது. நடுவுல ஒரு கோபுரம், அதுல இருந்து சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி ஏழு கட்டடம், ஒரு கட்டடத்தோட வாசல் அடுத்த கட்டடத்தோட முதுகப் பாத்து இருக்கும், கைதி இன்னொரு கைதி மொகத்தப் பாக்கவே முடியாது. இப்ப நிக்கது மூணுதான், இடிஞ்ச எடத்துல ஆஸ்பத்திரி வந்துட்டு. மேல மொட்டமாடிக்கு ஏறிப் பாருங்க, சுத்தி கடல், எந்தப் பக்கம் ஓடுவான்? அத அங்க நின்னு பாத்தாத்தான் புரியும். சாயங்கால ஒலி ஒளி காட்சிக்கு முன்னாலயே டிக்கட்டு எடுத்துருங்க.

மேலப்பாளையம் ரைடர்:

எல்லாரும் பாரடாங்க வெட்டு வெட்டுன்னு சொல்லுததுக்குள்ள நான் வந்துட்டேன். எனக்கு மொத்த டிரிப்புலயே புடிச்சது அதுதான் பாய். சின்ன போட்டுல அலையாத்திக் காட்டுக்குள்ள போகையில ரெண்டு பக்கமும் கொப்பு தலைக்கு மேல வளைஞ்சு கூரை மாதிரி வந்துரும், அப்புறம் கொஞ்ச தூரம் நடந்தா சுண்ணாம்புக் குகை, உள்ள சொட்டுச் சொட்டா விழுந்து பாறையே தூண் மாதிரி தொங்குது. சேத்து எரிமலைன்னு ஒண்ணு காட்டுவாவ, அத மட்டும் பாக்காதிய, வயக்காட்டுல சேறு கொப்புளிக்கிற மாதிரிதான் இருக்கு, ஏமாத்து. ராவு மூணு மணிக்கு எந்திக்கணும், இடுப்பு ஒடிஞ்சிரும், இருந்தாலும் விடாதிய.

அபர்டீன் பஜார்:

நான் போர்ட் பிளேர்லயேதான் இருக்கேன், எங்க தாத்தா களக்காட்டுல இருந்து வேலைக்கு வந்தவிய, நாங்க இங்க மூணாவது தலமுறை. ஆனா வீட்ல இன்னும் அவியல் வச்சா களக்காட்டுப் பக்குவம்தான். மொதல்ல சாப்பாட்டுப் பயத்த விட்டுருங்க அண்ணாச்சி, இங்க பஜார்ல திரும்புன பக்கமெல்லாம் தமிழ்தான், இட்லி தோசை சாம்பார் தாராளமா கிடைக்கும், முருகனுக்கு வெற்றிமலைல கோயில் இருக்கு, பங்குனி உத்திரத்துக்கு காவடி எடுத்து ஊரே திரளும். ஹேவ்லாக்லயும் நீல்லயும் சைவச் சாப்பாடு உண்டு, அங்க பெங்காலிக் குடும்பங்கதான் ஜாஸ்தி, கிழங்கும் பருப்புமா இருக்கும், சோறு கேட்டா சோறு தருவாவ. ஒரு பொட்டலம் பருப்புப்பொடி கைல இருந்தா நல்லது.

டிக்கட்டுல பேரப் பாத்து குழம்பாதிய. 2018ல ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆச்சு, நீல் ஷஹீத் தீவு ஆச்சு, ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆச்சு, 2024ல போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆச்சு. போன மாசம் வந்த எங்க சொந்தக்காரரு ஒருத்தரு ஜெட்டில நின்னுக்கிட்டு, ஹேவ்லாக்குக்கு டிக்கட்டு போட்டேன், எவனோ ஸ்வராஜுக்கு மாத்தி குடுத்துட்டான்னு சத்தம் போட்டாரு. ஜெயில் வழக்கமா திங்கக்கிழமயும் ராஸ் தீவு புதன்கிழமயும் மூடிருக்கும், நாள் போடும்போது ஒருதடவ கேட்டுக்கோங்க.

பாரடாங் பத்தி மேல தம்பி சொன்னது சரி, எடம் நல்ல எடம்தான். ஆனா அந்த ரோடு ஜாரவா பழங்குடி மக்களோட காட்டுக்குள்ள போகுது. ஜிர்காடாங்ல எல்லா வண்டியையும் நிறுத்தி வரிசையா போலீஸ் காவலோட அனுப்புவாவ, நடுவுல நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எடுத்தா கேசு. குகை பாக்கப் போறோம்னு சொல்லிட்டு ஜன்னல் வழியா ஆளுகளத் தேடுதவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், அது எனக்குப் புடிக்காது, அதனால சொந்தக்காரங்க வந்தா நான் கூட்டிட்டுப் போறதில்ல. இது என் சொந்தக் கருத்துதான், உங்க இஷ்டம். அந்த ஒரு நாள ராஸ் தீவுக்கு வைங்களேன், பிரிட்டிஷ்காரன் தலைமை எடமா வச்சு ஆண்ட தீவு, சர்ச்சு, பேக்கரி எல்லாத்தையும் ஆலமர வேரு கவ்விப் புடிச்சு நிக்கி, நடுவுல புள்ளிமானு பயமில்லாம வந்து கையப் பாக்கும். நார்த் பேக்கு போகாட்டியும் பரவால்ல, அங்க இருக்க லைட்ஹவுஸ் பழைய இருவது ரூவா நோட்டுக்குப் பின்னால இருக்கு, வீட்லயே பாத்துக்கலாம்.

கடக்கரைல சங்கு, பவளம், சிப்பின்னு எதையும் பொறுக்கிப் பைல போடாதிய, செத்த பவளமா இருந்தாலும் 1972 வனவிலங்குச் சட்டத்துல குத்தம், ஏர்போர்ட்டு ஸ்கேன்ல கண்டுபுடிச்சிருவாவ. கடைல வாங்குனா பில்லோட வாங்குங்க. சங்குதான் வேணும்னா உங்களுக்கு தூத்துக்குடி என்ன தூரம்? அப்புறம் குளிக்க எறங்குற எடத்துல எச்சரிக்க போர்டு இருந்தா மதிங்க. 2010ல ஹேவ்லாக்ல கடல்ல நீந்திக்கிட்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பொம்பளைய உப்புத்தண்ணி முதலை கொன்னிருக்கு. அடிக்கடி நடக்குத விசயம் இல்ல, ஆனா ஓடை வந்து கடல்ல சேருத எடத்துல, கருக்கல் நேரத்துல எறங்க வேண்டாம். போன் சிக்னல் முன்ன மாதிரி இல்ல, 2020ல மெட்ராஸ்ல இருந்து கடலுக்கடில கேபிள் போட்ட பிறவு போர்ட் பிளேர்ல நல்லா கிடைக்கு, நீல்ல அப்பப்ப போயிரும். காசு கைல வச்சுக்கோங்க, தீவுல ஏடிஎம் எண்ணி ரெண்டு மூணுதான்.

பாளை மார்க்கெட்டுக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவியன்னு நெனைக்கவே இல்ல. ஏஜெண்டுகிட்ட போன் போட்டு பாரடாங் வேண்டாம், நார்த் பே வேண்டாம், ஹேவ்லாக் ரெண்டு ராத்திரி நீல் ரெண்டு ராத்திரின்னு சொன்னேன், சார் ஏழு பாயிண்டு கொறையுதேங்கான். கொறையட்டும்னுட்டேன். மேலப்பாளையம் தம்பி கோவிச்சுக்காதிய, மூணு மணிக்கு எந்திக்க மார்கழி பஜனைக்கே நான் ஆளில்ல. கடைசி நாள் நீல்ல இருந்து காலைல போர்ட் பிளேர் வந்து மதியம் ராஸ் தீவு, அன்னைக்கு புதன்கிழம வராம தேதி பாத்தாச்சு. பௌர்ணமிக்கு மறுநாள் நீல்ல இருக்கோம், உவரித் தம்பிக்கு தனியா நன்றி. அத்தைகிட்ட வ.உ.சி. விசயத்த இன்னும் சொல்லல, அதுக்கு இன்னும் தைரியம் வரல.

இதுக்கு மேல எழுதுதது நான் இல்ல, போன வீட்ல புடுங்கிட்டா.

நான் அவிய வீட்டுக்காரி டைப் பண்ணுதேன். தென்காசி மைனி, நீங்க ஸ்கூபா பண்ணியளா? இவிய அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல பாத்தியளா, வேணும்னேதான். எனக்கு குறுக்குத்துறைல சின்னப் பிள்ளைல இருந்தே நீச்சல் தெரியும், இவியளுக்குத் தெரியாது. நீச்சல் தெரியாதவங்கள விடுவாவளா?

தென்காசி சாரல்:

மைனி, பண்ணினேன், எங்க வீட்டுக்காரர விட நான்தான் ரொம்ப நேரம் உள்ள இருந்தேன்! நீச்சல் தெரியாட்டியும் விடுவாவ, புதுசா வாரவியளுக்கு ஒரு ஆளு பின்னாலயே புடிச்சிக்கிட்டு வருவாரு, மொதல்ல இடுப்பளவு தண்ணில வச்சு வாயால மூச்சு விட, மூக்கப் புடிச்சு காத அடைப்பு எடுக்க சொல்லிக் குடுப்பாவ. சளி புடிச்சிருந்தா மட்டும் எறங்கக் கூடாது, காது வலி உசுரு போயிரும். ஆஸ்த்மா, பிரஷர், நெஞ்சு வலின்னு ஏதாவது இருந்தா மறைக்காம பாரத்துல எழுதிருங்க. முக்கியமா, முங்கினதுக்கும் பிளைட்டு ஏறுததுக்கும் நடுவுல குறைஞ்சது பதினெட்டு மணி நேரம் இருக்கணும், உங்க பிளான்ல ஹேவ்லாக் முன்னாலயே வந்துருது, அதனால கவலையில்ல. காலைல வெள்ளன போங்க, தண்ணி தெளிவா இருக்கும். அண்ணாச்சியவும் எறக்கிப் பாருங்க, கண்ண மூடிக்கிட்டு எறங்கினவிய கூட மேல வர மாட்டேன்னு அடம்புடிச்சத நான் பாத்திருக்கேன்.

பாளை மார்க்கெட்டுக்காரன்:

(வீட்டுக்காரிதான்) கேட்டுட்டேன் மைனி. தனக்கு இன்னைக்கே சளி புடிச்ச மாதிரி இருக்குங்காவ, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு போறதுக்கு. சரி, செருப்பையும் பையையும் பாத்துக்கிட்டு கரைல ஒரு ஆளு உக்காரணும்லா.